நல்ல தண்ணிக் கிணறும் ஜெமீல் நானாவின் தாகமும்

கற்பிட்டிப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் தேநீருக்கு முன்னர் தண்ணீர்தான் வரும். கொண்டுவந்து தந்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் குடித்து முடித்ததும், "எப்படி எங்கட தண்ணி?" என்று கேள்வி வரும். "நல்ல தண்ணி" என்று சொல்லாமல் எழும்பி வர முடியாது. கிளாஸின் அடியில் மிச்சம் வைத்தாலோ, அது இன்னும் பெரிய குற்றம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற மணலில் உவர்க்காத தண்ணீர் கிடைப்பது லேசான காரியமா? நல்ல தண்ணீரை மிச்சம் வைக்கிறவன் வீட்டுக்காரரையே மதிக்காதவன் என்பது அந்தப் பக்கத்து எழுதாத சட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகனாக வீடு வீடாக ஏறி இறங்கும் நாட்களில் நான் ஒரு நடமாடும் தண்ணீர்ப் பவுசர் லொறியாகவே அலுவலகத்துக்குத் திரும்புவேன்.

நான் ஓய்வு பெற்றுச் சில காலம் ஆகிறது. அண்மையில் பழைய அலுவலகத்தில் ஒருவருடைய இடமாற்றத்துக்குத் தேநீர் வைத்தார்கள்; என்னையும் கூப்பிட்டார்கள். இப்போது அங்கே வேலை செய்கிற பரிசோதகர்கள் கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போகும்போது, கிருமிப் பரிசோதனைக்கு ஒரு போத்தலும் உலோகங்களுக்கென்று இன்னொரு போத்தலும் கொண்டுபோகிறார்கள். "சேர், உங்கட காலத்துலயும் இந்த ரெண்டாவது போத்தல் இரிந்திச்சா?" என்று ஒருவர் கேட்டார். முதலில் இருக்கவில்லை. அது எங்கள் கைக்கு எப்படி வந்தது என்று அங்கே சொல்லத் தொடங்கினேன். தேநீரோடு வைத்த ரோல்ஸ் முடிவதற்குள் கதை முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புத்தளம் நகரத்தில் பிறந்து வளர்ந்த நான், தெற்கே ஒரு பயிற்சி நிலையத்தில் சிங்களமும் கொசு இனங்களும் மலசலகூடக் குழியின் ஆழமும் படித்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் என்றால் கிருமி என்று படித்தோம். வாந்திபேதி, நெருப்புக் காய்ச்சல், மஞ்சள் காமாலை. மருந்து குளோரின்; குளோரின் இல்லாவிட்டால் கொதிக்க வைத்தல். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் தண்ணீர்ப் பாடத்தில் வரவேயில்லை. அது சோற்றுக் கோப்பையிலும் சீனிப் போத்தலிலும் இருந்து வருவது என்றே நாங்கள் நினைத்தோம்.

கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்பது சும்மா மொண்டு வருகிற வேலை அல்ல. போத்தல் கிருமி நீக்கப்பட்டு, மூடிக்கு மேல் கடதாசி சுற்றிக் கட்டியிருக்கும். அதன் கழுத்தில் கயிறு கட்டி, கிணற்றுச் சுவரில் முட்டாமல் இறக்க வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் விரல் பட்டால் அந்தப் போத்தல் வீண். நிரம்ப எடுக்காமல் மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டு, ஐஸ் பெட்டிக்குள் வைத்து, அன்றைக்கே அனுப்ப வேண்டும். இவ்வளவையும் நான் பக்தியோடு செய்வேன். செய்துவிட்டு, அதே கிணற்றிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணி" என்று வீட்டுக்காரருக்குத் தீர்ப்பும் சொல்வேன். ஊரோடு ஒத்துப் போனது என் நாக்கு.

எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி ஒரு பெண். மாரவில பக்கத்துச் சிங்களக் குடும்பம். எங்கள் பிரதேசத்துக்கு வந்த பிறகு தமிழைப் பிடிவாதமாகப் படித்துக்கொண்டவர். நான் அவரை மெடம் என்பேன். ஊரில் டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது ஒரு செய்தி கொண்டுபோனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "இது நீங்க பார்த்ததா, கேட்டதா?" என்பார். கேட்டது என்றால், "அப்ப போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்வார். அவ்வளவுதான். வெயிலில் திரும்பிப் போக வேண்டும். முதல் மாதங்களில் எனக்கு அவர்மேல் சரியான கோபம். பிறகு, பார்க்காமல் எதையும் சொல்லாத பழக்கம் எனக்கே தொற்றிக்கொண்டது; வீட்டில் மனைவி ஏதாவது ஊர்க்கதை சொன்னால், "பார்த்ததா, கேட்டதா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கதை ஜெமீல் நானாவின் உள்ளங்கையில் தொடங்குகிறது. ஆலங்குடாவுக்கு அப்பால் ஒரு சிறிய ஊர், பெயரை விட்டுவிடுகிறேன். ஊருக்கே அண்ணன் முறையான ஜெமீல் நானா அங்கே கரைவலை வைத்திருந்தவர். மெலிந்த உடம்பு, ஓயாத நடை, வாயில் எப்போதும் ஒரு பகிடி. அவருக்கும் அவருடைய மனைவி ஸுபைதா ராத்தாவுக்கும் சீனி வருத்தம்; இருவருக்கும் மருந்துக் குளிசை தருவது நாங்கள்தான். எங்கள் நடமாடும் கிளினிக் அந்த ஊர் மத்ரஸா மண்டபத்தில் நடந்த ஒரு நாள், மெடம் அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்தவர் கையை விடவில்லை. திருப்பி, உள்ளங்கையைப் பெருவிரலால் தடவினார். தோலுக்குள் சவ்வரிசி பதித்த மாதிரிச் சின்னச் சின்னக் கட்டிகள்.

"இது கயிறு புடிச்ச கை நோனா," என்றார் ஜெமீல் நானா. "பொடியன்ல இரிந்து கரவல இழுத்த கை. பின்ன பூவாட்டமா இரிக்கும்?"

மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மெடமும் தலையாட்டினார். அடுத்து ஸுபைதா ராத்தாவின் முறை. மெடம் அவருடைய கையையும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஜெமீல் நானா, உங்க மனைவி எந்த வலை இழுக்கிறா?"

இதற்கும் மண்டபம் சிரித்தது. மெடம் சிரிக்கவில்லை. உள்ளங்காலைக் காட்டச் சொன்னார். அங்கேயும் அதே கட்டிகள். ஜெமீல் நானாவின் நெஞ்சில், சட்டைக்குள்ளே, வெள்ளையும் கறுப்புமாக மழைத்துளி விழுந்த மணல் போலப் புள்ளிகள். கயிறு பிடித்த கை என்று அந்தக் கரையில் எத்தனை பேர் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ! உழைக்கிறவனின் கை அப்படித்தான் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் மெடம் கேட்டார்: "இவங்க ரெண்டு பேரும் எந்தத் தண்ணி குடிக்கிறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். ஜெமீல் நானாவின் கிணற்றுத் தண்ணீர். மற்றவர்களின் கிணறுகள் எல்லாம் ஆழமில்லாதவை, கோடையில் உவர்க்கிறவை. உம்மா மௌத்தான பிறகு, அவருக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று ஜெமீல் நானா ஆழமாக, களிமண் படையையும் தாண்டி வெட்டிய கிணறு அது. உம்மாவின் பெயரைக் கல்லில் பொறித்து, யாரும் வந்து அள்ளலாம் என்று படலை போடாமல் விட்டிருந்தார். கல்யாணம் முடித்து வேறு ஊருக்குப் போன பெண்பிள்ளைகளுக்குக்கூட அந்தத் தண்ணீர் கேனில் போகும். நோன்புக் கஞ்சி அதில்தான் காய்ச்சுவார்கள். நானும் எத்தனையோ கிளாஸ் குடித்துவிட்டு, "இதுதான் நல்ல தண்ணி" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது போத்தல் அப்போதுதான் வந்தது. மெடம் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தோடு கதைத்து வருவித்தார். பிளாஸ்டிக் போத்தல், அமிலத்தால் கழுவி, உள்ளே சில துளி அமிலமும் விட்டு அனுப்பியிருந்தார்கள். கிருமிப் போத்தலின் விதிகள் இதற்குப் பொருந்தாது. தேங்கி நின்ற தண்ணீரை எடுக்காமல், பல வாளி இறைத்து ஊற்றிய பிறகு எடுக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. போத்தலை அலசக் கூடாது. அலசினால் அமிலம் போய்விடும். நான் எடுத்து அனுப்பினேன். முடிவு வந்தபோது மெடம் அதை இரண்டு முறை வாசித்தார். தண்ணீரில் ஆசனிக் என்ற நஞ்சு. குடிக்கத் தக்க அளவைவிடப் பல மடங்கு.

"ஊருக்குச் சொல்லுவமா மெடம்?"

"இன்னொரு முறை எடுங்க. பக்கத்துக் கிணறுகளிலயும் எடுங்க. தப்பா ஒரு கிணற்றை மூடினா, நாளைக்குச் சரியாச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. ஆனா அந்த வீட்டுக்காரர் ரெண்டு பேர்கிட்ட மட்டும், முடிவு வரும்வரைக்கும் வேற தண்ணி குடிக்கச் சொல்லுங்க. இல்ல, எல்லாருக்குமே சொல்லுங்க. காரணம் கேட்டா, பார்த்துக்கொண்டிருக்கிறம் என்று சொல்லுங்க."

இரண்டாம் முறையும் அதே முடிவுதான். ஆனால் இன்னொரு விஷயமும் தெரிந்தது. நாங்கள் முகம் சுளித்துக்கொண்டு குடித்த உவர்க் கிணறுகளில் ஆசனிக் இல்லை. ஊரிலேயே ருசியான தண்ணீரில்தான் அது இருந்தது. ஆசனிக்குக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை, நிறமும் இல்லை. உப்பைக் கண்டுபிடிக்கப் பழகிய நாக்கை வைத்துக்கொண்டு நாங்கள் அத்தனை பேரும் நீதிபதி வேலை பார்த்திருக்கிறோம். அது ஏன் அந்தக் கிணற்றில் மட்டும் என்று மெடத்திடம் கேட்டேன். ஆழத்தில் உள்ள மண்ணிலேயே இருக்கலாம், வேறெங்கிருந்தாவது கசிந்தும் இருக்கலாம், தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

கிணற்றடியில் வைத்துச் சொன்னோம். ஊர்ப் பெண்கள் குடத்தோடும் கேனோடும் நின்றார்கள். மெடம் நிதானமாக விளங்கப்படுத்தினார். ஆசனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உடம்புக்குள் போனால் தோலில் இப்படிக் கட்டிகள் வரும். வேறு கெட்ட நோய்களும் வரும். சீனி வருத்தம் வருகிற வாய்ப்பையும் அது கூட்டலாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற இடத்தை அது பலவீனமாக்கலாம். சுரந்த இன்சுலினின் பேச்சை உடம்பு கேட்காமலும் போகலாம்.

ஸுபைதா ராத்தா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க கொதிக்க வெச்சுத்தானே சேர் குடிக்கிறம்? நீங்கதானே ஊடு ஊடா வந்து செல்லித் தந்தீங்க?"

என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் நான் சொன்ன ஒரே உபதேசம் அது. மெடம்தான் பதில் சொன்னார். கிருமி என்றால் கொதியில் சாகும். அதற்கு நான் சொன்னது சரிதான். ஆசனிக் உயிருள்ள பொருள் அல்ல, சாவதற்கு. கேத்தலில் தண்ணீர் வற்றும், அது வற்றாது.

கல்லில் இருந்த உம்மாவின் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்ற ஜெமீல் நானா, "நோனா, அப்ப ஊருக்கெல்லாம் சீனி வருத்தத்த நாந்தானா குடுத்தேன்?" என்றார். பகிடிக்காரரின் குரல் அப்படி உடைந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

"நான் அப்படிச் சொல்லல்ல," என்றார் மெடம். "உங்க வாப்பாவுக்கும் இந்த வருத்தம் இருந்தது. அவர் காலத்தில இந்தக் கிணறே இல்ல. காரணம் பல இருக்கும். இந்தத் தண்ணியும் ஒரு காரணமா இருக்கலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கிணற்றுக் கட்டைச் சுற்றிச் சிவப்பு மை பூசினோம். துணி துவைக்க, படகு கழுவத் தடையில்லை. குடிக்கவும் சமைக்கவும் கூடாது; ஊர் வாயில் அது 'கிணற்றை மூடியாச்சு' என்று ஆனது. பவுசர் தண்ணீர் வர ஏற்பாடாயிற்று. ஊர் ஒத்துழைத்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அங்கேதான் நான் எங்கள் சனத்தைச் சரியாகக் கணக்குப் போடவில்லை. மெடம் சொன்ன "இருக்கலாம்" கிணற்றடியில் இருந்து கரையோர மீன் வாடிக்குப் போவதற்குள் "இதுதான்" ஆகிவிட்டது. கிணற்றால் வந்த வருத்தம், கிணறு மூடியதும் போய்விட்டது. இனி எதற்குக் குளிசை? முதலில் நிறுத்தியவர் ஜெமீல் நானா. அவருக்கு அது மருந்துச் சங்கதி மட்டும் அல்ல. தன் கிணறு கொடுத்த வருத்தம் கிணற்றோடு போய்விட்டது என்று காட்டிவிட்டால், உம்மாவின் பெயருக்கு வந்த கறையும் போய்விடும் என்று அந்த மனுஷன் நம்பியிருந்தார். இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அடுத்த கிளினிக்குக்கு ஜெமீல் நானா வரவில்லை. மெடம் கேட்டார். கடலுக்குப் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். "பார்த்ததா, கேட்டதா?" என்று கண்ணாடியைக் கழற்ற முன்னரே நான் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

பகல் வெயில். வீட்டு முன்னால் சாய்வு நாற்காலியில் ஜெமீல் நானா கிடந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, பாதி ஆளாகப் போயிருந்தார். பக்கத்தில் பவுசர் தண்ணீர் நிரப்பிய கேன், கையில் கிளாஸ். என்னைக் கண்டதும் சிரித்தார். நாக்கு குழறியது.

"இந்தப் பவுசர் தண்ணி என்னா ருசி சேர்! குடிக்கக் குடிக்க இன்னம் கேக்குது. எண்ட கெணத்துத் தண்ணி இதுக்குக் கிட்ட நிக்காது."

ஸுபைதா ராத்தாவும் பெருமையாகத்தான் சொன்னார்: "கேன் கேனா குடிக்கிறாரு சேர். நல்ல தண்ணி ஒடம்புல புடிக்குது. ஒண்ணுக்குப் போறதுதான் ஓயாம. நேத்துல இரிந்து தூக்கமும் கூட."

சீனி ஏறி உடம்பு வறண்டு தவிக்கிற தவிப்பை இந்த வீடு தண்ணீரின் ருசி என்று எடுத்திருந்தது. கரை முழுவதும் நாக்கால் தண்ணீரை அளக்கிற ஊரில் வேறெப்படி எடுப்பார்கள்? ஜன்னல் கம்பியில் கிளினிக் குளிசை உறைகள் பிரிக்கப்படாமலே தொங்கின. ராத்தாவைக் கேட்டேன், அவரும் நிறுத்தியிருந்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெமீல் நானாவின் கண் செருகியது. கிளாஸ் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த த்ரீவீலுக்குள் அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். மூச்சு சத்தமாக வந்தது. அந்தப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "நானா, நானா" என்று கூப்பிட்டேன்; இரண்டொரு தடவை முனகினார், பிறகு அதுவும் இல்லை. மௌத்துச் செய்தியோடு திரும்பப் போகிறேன் என்றே நினைத்தேன். கிணற்றை மூடியது நாங்கள். இவர் போய்விட்டால் அந்த ஊர் எங்கள் சொல் எதையும் இனிக் கேட்காது. அதைவிட, எனக்கு அவரைப் பிடிக்கும். அழுதுகொண்டுதான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். கருவியால் அளக்க முடியாத அளவுக்குச் சீனி. சேலைன் ஏற்றி, இன்சுலின் கொடுத்து, அம்புலன்ஸில் புத்தளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்; நானும் கூடப் போனேன்.

மெடம் அந்த வார்டுக்கு நேரே வந்தார். "குளிசையை நிறுத்தினாரா?" என்று கேட்டார்.

"ஓம் மெடம். பார்த்தது. கேட்டது இல்ல."

அந்தத் தடவை அவர் கண்ணாடியைக் கழற்றியது கண்ணைத் துடைக்க.

ஜெமீல் நானா பிழைத்தார். கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார். தாதி அளந்து கொடுத்தார். மெடம் கட்டிலின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஜெமீல் நானா, கிணற்றை மூடினது இனி வரப்போற வருத்தத்தைக் குறைக்க. வந்துட்ட வருத்தத்துக்குக் குளிசை. ரெண்டும் வேற வேற வேலை."

"அப்ப வருத்தம் போகாதா நோனா? உம்மாட கெணறு..."

"உங்க கிணறு எத்தனை பேருக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒரு பாரத்தை ஏன் தலையில தூக்குறீங்க? அந்தக் கிணறு இல்லாட்டி உங்க கையை நான் திருப்பிப் பார்த்திருக்க மாட்டேன். உங்க கையைப் பார்க்காட்டி, மற்ற ஊர்கள்ல ஆழமா வெட்டின கிணறுகளைத் தேடிப் போயிருக்கவும் மாட்டேன். உங்க உம்மாட பேரில இப்ப எத்தனை பிள்ளைகள் நல்ல தண்ணி குடிக்குதுகள், அதையும் எண்ணுங்க."

ஜெமீல் நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஸுபைதா ராத்தா அங்கேயே, எங்கள் முன்னாலேயே, தன்னுடைய குளிசையை எடுத்து விழுங்கினார். நான் வெளியே வந்து ஒரு பிளேன் டீ குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீரை அதற்கு முன் நான் குடித்ததில்லை.

அதற்குப் பிறகு, அந்தத் தண்ணீர் குடித்த எல்லோருக்கும் இரத்தம் பரிசோதித்தோம். சிலருக்குச் சீனி இருந்தது, பலருக்கு இல்லை. உவர்க் கிணற்றுக்காரர்களிலும் சிலருக்கு இருந்தது. "பார்த்தீங்களா, எல்லாத்துக்கும் கெணறு காரணமில்ல" என்று ஜெமீல் நானா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். சொல்லிவிட்டு, "எண்டாலும் குடிக்கப் படாது" என்று மறக்காமல் சேர்ப்பார். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தபோது, கிணற்றுக்குப் பக்கத்தில் தன் காணியின் ஒரு மூலையை அதற்குக் கொடுத்தார். உம்மாவின் பெயர்க் கல்லைக் கிணற்றுக் கட்டிலிருந்து கழற்றி அந்தக் கட்டடத்தின் சுவரில் பதித்தார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். ஜெமீல் நானாவின் வீட்டில் இறங்காமல் வர முடியுமா? ஸுபைதா ராத்தா எனக்கொன்றும் அவருக்கொன்றுமாக இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நானா கையை விரித்துக் காட்டினார். கட்டிகள் முழுதாகப் போகவில்லை, மிருதுவாகியிருந்தன. நான் பழக்க தோஷத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்றேன்.

"நாக்கால செல்லாதீங்க சேர்," என்றார். "மாசா மாசம் சோதிச்சிட்டுத்தான் தாரோம்."

சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தோம். நான் என் கிளாஸை முடித்துக் கவிழ்த்தேன். எழும்பும்போது பார்த்தேன், அவருடைய கிளாஸில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. ஸுபைதா ராத்தா அதைக் கையில் எடுத்துக்கொண்டு சிணுங்கினார்.

"நல்ல தண்ணிய இப்படியா மிச்சம் வெக்கிறது? சேர் என்ன நெனைப்பாரு?"

"தாகம் இல்ல புள்ள," என்றார் ஜெமீல் நானா.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.